தனிக்கிளிக்கு ஒரு துணை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவிலிருந்து லிங்கி வழியாகப் போர்ட்டிக்சன் கடற்கரையை நோக்கிச் செல்லும் சாலைகளின் இரு புறங்களிலும் பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களில், வெயில் தணிந்து பொழுது சாயும் வேளையில் சற்று நின்று மேலே நோக்குபவர்கள், கூரிய குரலில் இடைவிடாமல் கூவிக்கொண்டு நேராகவும் விரைவாகவும் பறந்து செல்லும் நீண்டவால் கிளிகளின் கூட்டத்தைக் காணலாம். அந்தமான் தீவுகளிலிருந்து மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ வரையில் பரவி வாழும் இந்தக் கிளி இந்த மண்ணுக்கே உரியது. ஆணுக்கு மேல் அலகு சிவப்பு, பெண்ணுக்கு அது கறுத்த நிறம். செம்பனைக் குலையில் பழுத்த பழங்களின் செம்மஞ்சள் சதையை உரித்துத் தின்று கொட்டையை விட்டுவிடும் வழக்கத்தால், தோட்டத்து நிர்வாகங்கள் இதை ஒரு தொல்லையாகக் கருதுவதும் உண்டு. அந்தக் கூட்டம் தலைக்குமேல் கடந்து செல்லும் அதே சமயத்தில், கீழே லயத்து வீடொன்றின் முன்வாசலில், உத்தரத்தில் தொங்கும் கூண்டுக்குள் இருக்கும் ஒற்றைக் கிளி, கம்பிகளைப் பற்றிக்கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து, தன் சக்தி முழுவதையும் கூட்டிக் கத்தும். வீட்டிலுள்ளோர் அதைப் பசி என்றோ, சேஷ்டை என்றோ எண்ணி ஒரு மிளகாயை நீட்டிவிட்டுப் போய்விடுவர். அது பசியும் அன்று, சேஷ்டையும் அன்று; பதிலை எதிர்பார்த்து எழுப்பப்படும் குரல் அது.

கிளி என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் சித்திரம் பெரும்பாலும் ஒற்றைக் கிளியின் சித்திரமே. மீனாட்சியம்மன் கையில் ஒரு கிளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தோளுக்கென்று நாள்தோறும் இலைகளால் புனையப்படும் ஒரு கிளி, பட்டணத்துத் தெருவோரத்தில் ஜோசியரின் சிறு பெட்டியிலிருந்து வெளியே வந்து சீட்டெடுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் உள்ளே போகும் ஒரு கிளி. ஆனால் நம்முடைய பழைய குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனத்தின்மேல் வந்து இறங்கும் கிளிகளோ கூட்டங் கூட்டமாக வருபவை. அவற்றை ஓட்டுவதற்கென்றே பெண்கள் பரண்மேல் காவலிருக்க வேண்டியிருந்தது. பக்ஷியின் உண்மையான சுபாவத்தை அறிய விரும்புபவர் அந்தப் புனத்துக் கிளிகளையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

கூட்டமாக வாழும் பறவைக்குக் கூட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கன்று, அது பாதுகாப்பு. பல கண்கள் காவல் காக்கும்பொழுதுதான் ஒரு பறவை நிம்மதியாகத் தலை குனிந்து தின்னவும், கண்ணை மூடி உறங்கவும் முடியும். பருந்தின் நிழல் தெரிந்தால் முதலில் கண்ட பறவை கூவுகிறது; மற்றவை அனைத்தும் அந்தக் கணமே எழுகின்றன. அபாயம் இல்லாத வேளைகளிலோ ஒன்றையொன்று காண இயலாத அடர்ந்த இலைகளுக்கிடையே, நான் இங்கே இருக்கிறேன் என்பதை அறிவிக்கும் ஒரு சிறு குரலை அவை ஓயாமல் பரிமாறிக்கொள்கின்றன. இதைப் பறவை ஆராய்ச்சியாளர் தொடர்புக் குரல் என்பர். கூண்டில் தனித்திருக்கும் கிளி நாள் முழுவதும் இந்தக் குரலை எழுப்புகிறது. பதில் வராமையால் அதை மேலும் உரக்க எழுப்புகிறது. அடுத்த வீட்டார் குறைபடும் அலறல் பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே.

இந்தக் குரலைப் பற்றிச் சென்ற சில பத்தாண்டுகளில் தெரியவந்திருப்பவை மிகவும் வியப்பானவை. பறவைகளில் கிளிகள், பாடும் பறவைகள், தேன்சிட்டைப்போல் மலரில் தேனருந்தும் அமெரிக்க ரீங்காரச் சிட்டுகள் ஆகிய மூன்று வகுப்புகளே கேட்ட ஒலியைக் கற்றுத் தாமும் எழுப்ப வல்லவை. வெனிசுவேலாவில் சிறு கிளிகளின் கூடுகளை ஆராய்ந்த கார்ல் பெர்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஒரு கூட்டின் முட்டைகளை வேறொரு கூட்டுக்கு மாற்றி வைத்துப் பார்த்தபொழுது, குஞ்சுகளின் தொடர்புக் குரல் ஈன்ற பெற்றோருடையதை ஒவ்வாமல், வளர்த்த பெற்றோருடையதையே ஒத்து அமைந்தது. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளியாகிய பட்ஜியை வைத்துக் கலிபோர்னியாவின் இர்வைன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2000-ல் வெளியிட்ட பரிசோதனையோ நமது விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. முன்பின் அறியாத ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒன்றாக வைத்தபொழுது, சில வாரங்களுக்குள் ஆண் தன் குரலை மாற்றிப் பெண்ணின் தொடர்புக் குரலையே தன் குரலாக்கிக்கொண்டது. ஆண்களை மட்டும் சிறு கூட்டங்களாக வைத்த வேறொரு பரிசோதனையில், அவை யாவும் காலப்போக்கில் ஒரு பொதுக் குரலுக்கு வந்து சேர்ந்தன. பகிர்ந்துகொள்ளும் குரலே அங்கே உறவின் அடையாளம்.

இப்பொழுது நம் வீட்டுக் கிளி ஏன் பேசுகிறது என்பதும் விளங்கிவிடுகிறது. மனிதக் குரலைக் கற்பதில் அதற்குத் தனி ஆசை எதுவும் இல்லை. தான் வாழும் கூட்டத்தின் குரலைக் கற்பதே அதன் இயல்பு. கூட்டம் என்று அதற்குக் கிடைத்தது அம்மாவும் அக்காவும் தாத்தாவும் அடங்கிய ஒரு குடும்பந்தான் என்றால், அது அக்காவை அழைக்கும் தாத்தாவின் குரலையே தன் தொடர்புக் குரலாக்கிக்கொள்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் பெற்றோரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் வீட்டை விட்டு அகன்றபின், அது அந்தச் சொற்களை வெறும் சுவரை நோக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுச் செனவாங், நீலாய் முதலிய இடங்களில் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு, இந்தத் தனிமை இன்னும் கொடியதாகிவிட்டது. லயத்தில் போவோர் வருவோர் நின்று பேசிவிட்டுப் போவர். கோழி, குருவி, மைனா ஏதாவது ஒன்று எந்நேரமும் கண்ணில் படும். பூட்டிய வீட்டின் பின்கட்டிலோ ஒன்றுமில்லை.

தனிமை உடலையே தேய்க்கிறது என்பதற்குச் சான்று உண்டு. உயிரணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனிகளில் டெலோமியர் என்னும் பகுதிகள் உள்ளன. அணு பிரியும்தோறும் அவை சிறிது சிறிதாகக் குறைகின்றன. நெடுநாள் மன உளைச்சல் அந்தக் குறைவை விரைவுபடுத்துகிறது. வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 45 ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட முடிவு, படிப்பவரை ஒரு கணம் நிறுத்திவிடும். தனியே வைக்கப்பட்டிருந்த 9 வயதுக் கிளிகளின் டெலோமியர் நீளம், இணையோடு வாழ்ந்தவற்றுள் அவற்றைவிட 23 ஆண்டுகள் மூத்த கிளிகளினுடையதை ஒத்திருந்தது. கூண்டில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பச்சைக்கிளியை ஒற்றையாக வைத்திருப்பவர் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே தெரியும் அடையாளங்களும் உள்ளன. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடப்பது, தலையை ஒரே விதமாகச் சுழற்றிக்கொண்டே இருப்பது, தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வது ஆகியவை முக்கியமானவை. மார்பும் இறக்கையும் மொட்டையாகி, தலையில் மட்டும் இறகு குலையாமல் இருக்குமானால், பிடுங்கியது அதன் சொந்த அலகே என்று நிச்சயிக்கலாம். ஏனெனில் தன் தலையை எந்தக் கிளியும் தன் அலகால் எட்ட இயலாது. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் தோன்றும் குருத்துகளின் மேலுறையை உடைத்து விடுவதற்கும் இதே காரணத்தால் இன்னொரு அலகு வேண்டியிருக்கிறது. தனிக்கிளி தலையைக் கம்பியில் தேய்த்துக்கொண்டு தவிப்பதன் பொருள் அதுவே. கண்ணாடித் துண்டொன்றைக் கூண்டில் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர் பலர். பிம்பம் தலை கோதி விடாது, பதில் குரலும் தராது. பறவை அதற்கு ஊட்டுவதற்காக இரைப்பையிலிருந்து உணவைக் கக்கிக் கக்கி மெலிவதே மிச்சம். கண்ணாடியை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் சோர்ந்திருக்கும் பறவையெல்லாம் துணையின்றிச் சோர்ந்திருப்பதாக முடிவு கட்டலாகாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடித்தட்டில் குந்தியிருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சத்தின் நிறமும் தன்மையும் மாறுவது ஆகியவை நோயின் குறிகள். அவற்றைக் கண்டால் முதலில் நாட வேண்டியவர் கால்நடை மருத்துவரே.

துணைக்கிளியை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வியில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க இயலாத ஒரு கருத்து உண்டு. தோட்டத்து ஓரத்தில் நிற்கும் பட்ட மரத்தின் பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வளர்க்கும் பழைய பழக்கம் இனி வேண்டாம். ஒரு கிளியின் ஏகாந்தத்தைப் போக்குவதற்காக வேறொரு கிளியைக் கூட்டத்திலிருந்து பிரிப்பதில் நியாயம் எதுவும் இல்லை. பொந்துள்ள முதிய மரங்கள் வெட்டுண்டு வருவதாலும், கூண்டுக்காகப் பிடிக்கப்படுவதாலும், நீண்டவால் கிளி இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களுள் வைக்கப்பட்டிருக்கிறது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நம் காட்டுக் கிளிகளைப் பாதுகாக்கிறது; பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறையின் உரிமமின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். வீட்டில் ஏற்கனவே இருப்பது அத்தகைய கிளியாயின், துணை தேடுவதற்கு முன் அந்த அலுவலகத்தை நாடுவதே முறை. பட்ஜியின் நிலை வேறு. ஜான் கூல்ட் என்னும் பறவை நூலாசிரியர் 1840-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன நாள் முதல் மனிதரிடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி வந்திருக்கும் பறவை அது. ஆகவே அதற்குக் கூண்டில் பிறந்த துணையைத் தேடுவது எளிது. எல்லாவற்றிலும் சிறந்தது, ஊர் மாறிப் போகும் உறவினர் வீட்டிலோ, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அண்டை வீட்டிலோ, இதைப்போலவே ஒற்றையாய் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிளியைச் சேர்த்துக்கொள்வது. ஒரே செய்கையில் இரண்டு தனிமைகள் தீர்கின்றன.

வந்த அன்றே புதிய பறவையைப் பழைய கூண்டுக்குள் விட்டுவிடும் அவசரமே மிகுதியான துன்பங்களுக்குக் காரணம். புதிய பறவை பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே நோயைச் சுமந்து வரக்கூடும். கிளிகளுக்கே உரிய அலகு இறகு நோயின் வைரஸ் இறகுத் தூளிலும் எச்சத்திலும் நெடுநாள் அழியாமல் இருக்கும். கிளிக்காய்ச்சல் என்று சொல்லத்தக்க சிட்டகோசிஸ் மனிதரையும் பற்றும். 1929, 1930-ஆம் ஆண்டுகளில் கூண்டுக் கிளிகளின் வாணிபத்தின் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது பரவி உயிர்களைக் கொண்டுபோனது. இன்று அதற்கு மருந்து உண்டு. ஆயினும் புதுப் பறவை வந்த சில வாரங்களில் வீட்டில் எவருக்கேனும் கடுமையான தலைவலியோடும் வறட்டு இருமலோடும் காய்ச்சல் கண்டால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்கலாகாது. ஆகவே புதிய பறவையை முப்பது நாளுக்குக் குறையாமல் வேறு அறையில், இயன்றால் வேறு வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். முதலில் பழைய கிளிக்கு ஆகாரமும் நீரும் வைத்துவிட்டுப் பிறகே புதியதைக் கவனிக்க வேண்டும், கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், கிண்ணங்கள் கலக்கலாகாது. பறவையின் சுவாசம் நுரையீரலோடு நில்லாமல் உடலெங்கும் பரவிய காற்றுப்பைகள் வரை செல்வதால், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் எட்டாத இடமாக அது அமையட்டும்.

இந்தக் காத்திருப்பு வீணாகப் போவதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து ஒன்றின் குரலை மற்றொன்று கேட்கத் தொடங்குகிறது. முதல் சில நாட்களில் வீடே அதிரும். பிறகு ஒன்று கூவ, சற்றுப் பொறுத்து மற்றது பதில் தர, நடுவில் மௌனமும் வந்து அமையும். காட்டில் கிளிகள் முகத்தைக் காணுமுன் குரலைக் கேட்டே அறிமுகமாகின்றன என்பதை நினைத்தால், இந்த வரிசையே இயற்கைக்கு இசைந்தது என்பது தெளியும்.

அடுத்த படி, இரண்டு கூண்டுகளையும் ஒரே அறையில், அலகு எட்டாத தூரத்தில் வைப்பது. இந்தக் கட்டத்தில்தான் வளர்ப்பவருக்கு மிகுந்த பொறுமையும் கூரிய கவனமும் வேண்டும். கம்பியை நோக்கிப் பாய்வதும், அலகைத் திறந்து கழுத்தை நீட்டுவதும், கண்ணின் பாவையைச் சட்டென்று சுருக்கி விரித்துக்கொண்டே இறகை உடலோடு ஒட்டிக்கொள்வதும் இன்னும் காலம் கனியவில்லை என்பதற்கு அடையாளங்கள். ஒன்று தின்னும்போது மற்றதும் தின்னப் போவது, ஒன்று இறகு கோதும்போது மற்றதும் கோதுவது, நடுப்பகலில் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணயர்வது ஆகியவை நல்ல குறிகள். ஒத்த நேரத்தில் ஒத்த செயலைச் செய்வதே கூட்டமாக வாழும் பறவைகளின் இசைவுக்கு முதற் சான்று. அது தெரிந்த பிறகு நாளுக்கு ஓரங்குலமாகக் கூண்டுகளை நெருக்கலாம். அவசரப்பட்டு ஒட்டி வைத்துவிட்டால், கம்பியைப் பற்றிய கால்விரலை அடுத்த அலகு கடித்துத் துண்டாக்கிவிடும்.

நேருக்கு நேரான சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிகழ வேண்டும். புது மருமகள் வந்த வீட்டில் மாமியாரின் அடுப்படி எப்படியோ, பழைய கிளிக்கு அதன் கூண்டு அப்படி. அங்கே வந்து இன்னொரு பறவை கிண்ணத்தில் அலகு வைப்பதை அது பொறுக்காது. கதவும் ஜன்னலும் அடைத்து, விசிறியை நிறுத்திய ஓர் அறையில், இரண்டையும் வெளியே விட்டு, ஆகாரத்தை இரண்டு இடங்களில் தூவி, நாம் சற்று விலகி உட்கார்ந்திருக்க வேண்டும். சிறு சச்சரவுகளில் தலையிட வேண்டாம். இடித்துத் தள்ளுவதும் அலகோடு அலகு தட்டுவதும் இடம் வகுத்துக்கொள்ளும் பேச்சே. ஒன்று மற்றதை விடாமல் துரத்தினாலும், இரத்தம் கண்டாலும் உடனே பிரித்துவிட வேண்டும். பல நாட்கள் இவ்வாறு அமைதியாகக் கழிந்த பிறகு, இரண்டும் இதுவரை வாழாத பெரிய கூண்டொன்றிலோ, பழையதையே நன்றாகக் கழுவித் தாங்குகொம்புகளை இடம் மாற்றி அமைத்த கூண்டிலோ சேர்த்து விடலாம். கிண்ணங்கள் இரட்டையாக, ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி இருக்கட்டும். முட்டையிடும் பெட்டியை வைக்காதீர்கள். பொந்தைக் கண்டதும் பெண் பறவையின் சுபாவமே மாறிவிடும்.

இணை சேர்ப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. பட்ஜிகளில் முதிர்ந்த ஆணுக்கு அலகின்மேல் உள்ள மூக்குத்தோல் பொதுவாக நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. ஆணும் பெண்ணுமோ, இரண்டு ஆண்களோ பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டு பெண்கள் சிறு கூண்டில் ஒத்துப்போவது அரிது. பச்சைக்கிளி இனத்தில் பெண்ணே அதிகாரம் செலுத்தும்; இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாட்களில் அவை ஒட்டி உட்காராமல் ஒரு முழ இடைவெளியில் அமர்வதே வழக்கம். ஆகவே தோளோடு தோள் சேர்ந்து அமரவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. பச்சைக்கிளியையும் பட்ஜியையும் ஒரே கூண்டில் விடுவது மட்டும் ஒருபொழுதும் கூடாது. பெரியதன் ஒரே கடி சிறியதன் காலை முறித்துவிடும்.

துணை வந்துவிட்டால் கிளி பேச்சை மறந்துவிடும், நம்மையும் மறந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. கற்ற சொற்களைக் கிளி எளிதில் இழப்பதில்லை. புதிதாகக் கற்பது குறையலாம் என்பது மெய். ஆனால் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இளம் அமேசான் கிளிகளை ஒரே பாலினத்து இணைகளாகவும் தனித்தனியாகவும் வைத்து நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இணையாக வாழ்ந்தவை அர்த்தமற்ற அசைவுகளுக்கு ஆளாகவில்லை. அலறுவதும் அவற்றிடம் குறைவாக இருந்தது. மனிதரிடம் அவற்றுக்கிருந்த பழக்கமும் அதனால் கெட்டுவிடவில்லை. ஒரு வேளை நம் கிளி நம்மை அழைப்பது சிறிது குறைந்தாலும், அது தன் இனத்தின் குரலைத் திரும்பப் பெற்றதன் விலை என்று மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டியதே.

எவ்வளவு முயன்றும் ஒத்துவராத ஜோடிகளும் உண்டு. சிறு குஞ்சாக எடுத்து மனிதர் கையிலேயே வளர்ந்த கிளிக்குத் தன் இனத்தைத் தன் இனமாக அறியும் பழக்கமே அமையாமல் போயிருக்கலாம். அப்படியாயின் இரண்டு கூண்டுகளில், ஒன்றையொன்று காணவும் கேட்கவும் கூடிய தூரத்தில் வைத்திருப்பதே போதுமானது. கிளாஸ்கோ, எம்.ஐ.டி., நார்த்ஈஸ்டர்ன் ஆகிய பல்கலைக்கழகத்தார் வளர்ப்புக் கிளிகள் 18-க்குத் திரையின் வழியே ஒன்றையொன்று அழைத்துப் பேசக் கற்பித்து 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவை தாமாகவே மணியடித்து, தமக்கு வேண்டிய நண்பனைத் திரையில் தேர்ந்தெடுத்து அழைத்தன. கண்ணாடித் திரையின் வழியே கிடைத்த சகவாசத்தையே அவை இவ்வளவு விரும்பின என்றால், ஒரே முன்வாசலில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு கூண்டுகளின் பயனைச் சிறிதென்று சொல்ல இயலாது.

வீட்டில் ஒற்றைக் கிளி வைத்திருக்கும் அன்பர்கள், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ உறவினர் வீட்டுக்குச் செல்லும்பொழுது, அங்கே பின்கட்டில் ஒற்றையாக இன்னொரு கிளி இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் இரு வீட்டாரும் கலந்து பேசி, முப்பது நாள் பிரித்து வைப்பது யார் வீட்டில், பிறகு சேர்ந்து வளர்வது யார் வீட்டில் என்று அப்பொழுதே முடிவு செய்துவிடுங்கள்.